குளிருக்கு முதல் கோட் வாங்கும் முன்

வேலை மாற்றத்தில் கடுங்குளிர் அடிக்கும் ஊருக்குத் தனியாகப் போய்ச் சேர்ந்தேன். அதற்கு முன் மழைக்கோட்டைத் தவிர வேறு கோட் எதையும் தொட்டதில்லை. முதல் குளிர்காலம் முடிவதற்குள் கோட் வாங்கவும் அதைச் சரிசெய்யவும் ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் போய்விட்டது. அதில் பாதிக்குமேல் வீண். ஆனால் பணம் போனதைவிட, அத்தனை செலவழித்தும் தெருவில் நடுங்கிக்கொண்டு நடந்ததுதான் அதிகம் வலித்தது. அலுவலகத்தில் எல்லாரும் கச்சிதமாக வந்து இறங்கும்போது என்னை மட்டும் கண்ணாடியில் பார்க்கப் பிடிக்காது. கேட்க ஆள் இல்லை. விவரம் தெரிந்த ஒருத்தி அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் இதில் முக்கால்வாசி நடந்திருக்காது. அந்த அரை மணி நேரப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கோட்டை வாங்கியபோது குளிர் இன்னும் இறங்கவில்லை. மெல்லிய பருத்திச் சட்டையோடு கடைக்குப் போயிருந்தேன். ஒட்டக நிறம், முன்னால் இரண்டு வரிசை பட்டன், பாதித் தொடைவரை நீளம். ட்ரையல் ரூம் கண்ணாடியில் அவ்வளவு அழகாக இருந்தது. ஒரு சைஸ் பெரியதைக் கேட்டேன். இடுப்பு தெரியாமல் போய்விடும், இதுதான் உங்கள் அளவு என்று விற்பனைப் பெண் அடித்துச் சொன்னாள். கோட் போட்டே வளர்ந்தவள் சொல்கிறாள், சரியாகத்தான் இருக்கும் என்று எடுத்துவிட்டேன். குளிர் இறங்கியதும் உள்ளே ஒரு தெர்மல் உள்ளாடை, மேலே தடித்த ஸ்வெட்டர் என்று போட்டுக்கொண்டு கோட்டை மாட்டினால், மார்புக்கு நேரே துணி இழுத்துக்கொண்டு நின்றது. மேல் பட்டன் போடவே முடியவில்லை. பேருந்தில் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் கோட் மொத்தமாக மேலே ஏறியது. பாதிக்குமேல் கை உயரவும் இல்லை. கடைசியில் கோட்டைத் திறந்துவிட்டு, காற்று நேராக நெஞ்சில் அடிக்க நடந்துபோனேன்.

அதனால் முதலில் சொல்வது இது: குளிர்காலத்தில் உள்ளே என்ன போடுவீர்களோ, அதில் மிகத் தடித்ததைப் போட்டுக்கொண்டு, அல்லது பையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மாட்டியதும் கண்ணாடி முன் அசையாமல் நிற்காதீர்கள், அசையாமல் நின்றால் எந்தக் கோட்டும் பொருந்தும். எல்லாப் பட்டனையும் போடுங்கள். இரு கைகளாலும் உங்களை நீங்களே கட்டிப்பிடித்துப் பாருங்கள், முதுகில் தையல் பிரிவதுபோல இழுத்தால் வேண்டாம். கம்பியைப் பிடிப்பதுபோல ஒரு கையை உயர்த்துங்கள். நாற்காலியில் உட்காருங்கள். தோள்பையை மாட்டிப் பாருங்கள். உட்காரும்போது வயிற்றருகே பட்டன் பிளந்தால், பேருந்திலும் ரயிலிலும் தினமும் அந்தத் தொல்லைதான். ஜிப் வைத்த நீளக் கோட் என்றால் கீழிருந்தும் திறக்கிற இரட்டை ஜிப் இருக்கிறதா என்று பாருங்கள். உட்காரும்போதும் படி ஏறும்போதும் அதன் அருமை தெரியும்.

சைஸ் எண்ணை நம்ப வேண்டாம். ஒரே எண் ஒவ்வொரு தயாரிப்பாளரிடமும் ஒவ்வொரு அளவாக இருக்கும். ஒரு டேப்பை எடுத்து உங்கள் மார்புச் சுற்றளவை மெல்லிய உடையின் மேல் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிடித்த கோட்டைப் பட்டன் போட்டு மேசையில் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள்வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். குளிர்காலக் கோட் உங்கள் உடம்பைவிட 10 முதல் 15 சென்டிமீட்டர் அதிகமாக இருந்தால் உள்ளே ஸ்வெட்டர் நிம்மதியாக உட்காரும். ஆன்லைனில் வாங்கினாலும் சைஸ் எண்ணை விட்டுவிட்டு இந்த அளவைத் தேடுங்கள். பட்டியலில் இல்லாவிட்டால் விற்பவரிடம் கேளுங்கள். கைநீளத்துக்கு, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எலும்பைத் தாண்டிக் கட்டைவிரலின் அடிவரை வர வேண்டும். மணிக்கட்டிலேயே நின்றுவிட்டால் கையுறைக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு வளையம் அளவுக்குத் தோல் தெரியும், குளிர் அங்கேதான் நுழையும்.

சரி, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று போனேன். பில் இருந்தது, ரிட்டர்ன் கெடுவும் முடியவில்லை. ஆனாலும் எடுக்க மறுத்துவிட்டார்கள். காரணம், பைகளின் வாயில் இருந்த தையலை நான் பிரித்திருந்தேன். புதுக் கோட்டில் பைகளை மூடி லேசாக ஒரு தையல் போட்டிருப்பார்கள். முதுகுப் பக்கம் கீழே இருக்கிற பிளவில் பெருக்கல் குறிபோல ஒரு நூல் இருக்கும். சிலவற்றில் கைநுனியின் வெளிப்புறத்தில் ஒரு சின்ன லேபிளும் தைத்திருக்கும். கொண்டுவரும்போதும் தொங்கவிடும்போதும் கோட் உருக்குலையாமல் இருக்கத்தான் அந்த நூல்கள். அணிவதற்கு முன் மூன்றையும் எடுத்துவிட வேண்டும், பிளவு நூலை எடுக்காமல் நடந்தால் பின்பக்கம் சுருங்கி அசிங்கமாகத் தூக்கிக்கொள்ளும். ஆனால் இந்தக் கோட் எனக்குத்தான் என்று முடிவாகும்வரை கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். மேலே சொன்ன சோதனைகளை எல்லாம் வீட்டுக்குள்ளேயே, டேக் தொங்கத் தொங்கச் செய்துவிடலாம். நூல் பிரிந்த கோட்டைப் பல கடைகளில் பயன்படுத்திய துணியாகத்தான் பார்க்கிறார்கள். அந்தத் தையலுக்குப் பின்னால் நிஜமாகவே பை இருக்கிறதா என்றும் வாங்கும்போதே தடவிப் பாருங்கள். பெண்கள் கோட்டில் வாய் மட்டும் இருக்கும், உள்ளே பையே இருக்காது என்பது நிறைய நடக்கிறது. கை முழுதும் நுழைகிற இரண்டு வெளிப்பை, கைப்பேசி வைக்க ஒரு உள்பை இல்லாத கோட்டுக்கு இப்போதெல்லாம் நான் பணம் கொடுப்பதில்லை.

திருப்ப முடியாத கோட்டை டெய்லரிடம் கொண்டுபோனேன். தோளையும், கை வந்து சேருகிற ஆர்ம்ஹோல் வளைவையும் பிரித்துத் தளர்த்திவிடலாம் என்றார். கோட் விலையில் ஏறக்குறைய பாதியைக் கூலியாகக் கொடுத்தேன். திரும்பி வந்த கோட்டில் கையின் தலைப்பகுதி சுருக்கம் விழுந்து புடைத்திருந்தது, இடது தோள் வலதைவிடத் தாழ்ந்திருந்தது. அன்று ராத்திரி அழுதேன். பின்னால் வேறொரு வயதான தையல்காரர் பொறுமையாக விளக்கினார். கோட்டின் தோளுக்குள் துணி, அதன் அடியில் விறைப்புத் துணி, தோள் பஞ்சு, லைனிங் என்று பல அடுக்கு இருக்கிறது. அதைப் பிரித்தால் கோட்டைப் பாதி புதிதாகத் தைக்கிற வேலை. ஆர்ம்ஹோலைப் பெரிதாக்க உள்ளே மிச்சத் துணியும் பெரும்பாலும் இருக்காது. கைநீளத்தைக் குறைப்பது, கீழ் ஓரத்தைக் குறைப்பது, பக்கவாட்டில் கொஞ்சம் பிடிப்பது, பட்டனைச் சற்றுத் தள்ளித் தைப்பது, கிழிந்த லைனிங்கை மாற்றுவது, இவையெல்லாம் சுலபம், கூலியும் தாங்கும். தோளும் ஆர்ம்ஹோலும் உங்களுக்குச் சரியாக இருக்கிற கோட்டை மட்டும் வாங்குங்கள். தோள் தையல் உங்கள் தோளெலும்பு முடிகிற இடத்தில், அல்லது உள்ளே ஸ்வெட்டர் போட இடம் விட்டு ஒரு சென்டிமீட்டர் வெளியே விழ வேண்டும். உள்ளே விழுந்தால் இறுக்கம். தளர்வாகவே வடிவமைத்த கோட்டாக இல்லாமல் ரொம்ப வெளியே விழுந்தால் யாருடைய கோட்டையோ இரவல் வாங்கியதுபோல இருக்கும். கீழ் ஓரத்தைக் குறைக்கும் முன் பைகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள், அதிகம் வெட்டினால் பை ஓரத்துக்கு மேலேயே வந்து நிற்கும்.

அந்தக் கோட் ஏன் குளிரையும் தாங்கவில்லை என்பது உள்ளே இருந்த லேபிளைப் படித்தபிறகுதான் புரிந்தது. பார்க்கக் கம்பளி, தொட்டால் கம்பளி. லேபிளில் பெரும்பகுதி பாலியஸ்டர், கம்பளி கொஞ்சம்தான். விலையைப் பார்த்து, நிறத்தைப் பார்த்து வாங்குகிறோம். அந்தச் சின்ன வெள்ளைத் துண்டைத்தான் முதலில் திருப்பிப் பார்க்க வேண்டும். குளிரைத் தடுப்பது இழைகளுக்கு நடுவே சிக்கி நிற்கிற காற்று. கம்பளி இழை இயல்பாகவே சுருண்டிருப்பதால் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தன் எடையில் 30 சதவீதம் அளவுக்கு ஈரத்தை உறிஞ்சினாலும் தொட்டால் நனைந்ததுபோலத் தெரியாது. 70 சதவீதத்துக்குமேல் கம்பளி இருக்கிற கோட்டைத் தேடுங்கள். மீதி பாலிஅமைடாக, அதாவது நைலானாக இருந்தால் கவலை வேண்டாம், அது உறுதிக்காகச் சேர்ப்பது. கேஷ்மியர் என்ற மிக மென்மையான ஆட்டு ரோமம் கலந்தது என்று வெளியே பெரிதாக எழுதியிருந்தால் சதவீதத்தைப் பாருங்கள். 5 சதவீதம் கேஷ்மியருக்காக இருமடங்கு விலை கொடுப்பதில் அர்த்தமில்லை. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நெசவு நெருக்கமில்லாமல் ஒளி பொட்டுப் பொட்டாகத் தெரிந்தால் காற்றும் அப்படியே நுழையும். பிறகு அக்குள், பைவாய் பக்கம் விரலால் கொஞ்ச நேரம் தேயுங்கள், அப்போதே நூல் உருண்டை திரள ஆரம்பித்தால் ஒரே பருவத்தில் பழசாகிவிடும். லைனிங் கைக்குள்ளும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்வெட்டர் கை ஒவ்வொரு முறையும் முழங்கைவரை சுருண்டு ஏறும். விஸ்கோஸ், குப்ரோ போன்ற தாவர நாரிலிருந்து செய்த லைனிங் வியர்வையைத் தாங்கும், பாலியஸ்டர் லைனிங் சூடான ரயிலுக்குள் நுழைந்ததும் பிசுபிசுக்கும்.

பனி கொட்டுகிற, பூஜ்யத்துக்குக் கீழே நெடுநாள் நிற்கிற இடம் என்றால் கம்பளிக் கோட் மட்டும் போதாது, இறகு நிரப்பிய கோட் வேண்டும். அதில் 600, 800 என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். ஒரு அவுன்ஸ் இறகு எத்தனை கன அங்குலம் உப்பி நிற்கும் என்கிற கணக்கு அது. எண் ஏற ஏற அதே கதகதப்புக்கு எடை குறையும், அவ்வளவுதான். எவ்வளவு இறகு உள்ளே போட்டிருக்கிறார்கள் என்பதை அந்த எண் சொல்லாது. அதனால் 600 எண்ணில் தாராளமாக நிரப்பிய கோட், 800 எண்ணில் கஞ்சத்தனமாக நிரப்பியதைவிடக் கதகதப்பாக இருக்கும். கையால் அமுக்கிவிட்டு எடுங்கள், உடனே உப்ப வேண்டும். தையல் வரிகளில் இறகு வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. இறகு நனைந்தால் அமுங்கிப் போய்ச் சூடு நிற்காது. ஆகவே பனியோடு மழையும் அடிக்கிற இடத்தில் செயற்கைப் பஞ்சு நிரப்பியதோ, மேலே தண்ணீர் புகாத துணி போட்டதோதான் நல்லது.

முதல் கோட் கைவிட்ட விரக்தியில் ஒரு தோழியின் பேச்சைக் கேட்டு டிரெஞ்ச் கோட் வாங்கப் போய், நல்லவேளையாக நிறுத்திக்கொண்டேன். அழகான கோட்தான். ஆங்கிலேயத் துணி வியாபாரி தாமஸ் பர்பெரி 1879இல் கண்டுபிடித்த காபர்டின் என்ற நெருக்கமான நெசவுத் துணியிலிருந்து வளர்ந்து, முதல் உலகப் போரில் டிரெஞ்ச் எனப்படும் பதுங்குகுழிகளில் இருந்த அதிகாரிகள் அணிந்து பெயர் பெற்றது. தோளில் பட்டி, முதுகில் கூடுதல் துணி, இடுப்பு பெல்ட் எல்லாம் அந்தக் காலத்து மிச்சம். காற்றையும் தூறலையும் தடுக்கும், ஆனால் கதகதப்புக்கு உள்ளே ஒன்றும் இல்லை. வசந்தத்துக்கும் இலையுதிர் காலத்துக்கும் அருமை. ஒரே ஒரு கோட்டுக்குத்தான் பணம் இருக்கிறது, குளிர் கடுமை என்றால் அது இரண்டாவதாக வரட்டும்.

இனி, நமக்கு எது எடுக்கும் என்கிற விஷயம். எனக்கு உயரம் குறைவு, மார்பும் இடுப்பும் அகலம், தோள் சிறியது. பேரிக்காய், ஆப்பிள் என்று பழ உருவங்களை வைத்து உடம்பைப் பிரிக்கிற அறிவுரைகளை நிறையப் படித்தேன், ஒன்றும் உதவவில்லை. உதவியது ஒரே கேள்வி: கோட்டின் கோடுகள் உடம்பில் எங்கே விழுகின்றன? கீழ் ஓரம் எங்கே முடிகிறதோ அங்கேதான் கண் நிற்கும். என் முதல் கோட் தொடையின் மிக அகலமான இடத்தில் முடிந்தது, அதனால் பார்க்கிற எல்லாருக்கும் அந்த இடமே முதலில் தெரிந்தது. முழங்காலுக்குச் சற்று மேலேயோ கீழேயோ, கால் மெலிந்திருக்கும் இடத்தில் முடிகிற கோட் அதே உடம்பை நெடிதாகக் காட்டியது. கெண்டைக்காலின் பருத்த நடுவில் முடிவதையும் தவிர்க்கலாம். இரண்டு வரிசை பட்டன் என்றால் முன்பக்கம் துணி ஒன்றன்மேல் ஒன்று படிந்து தடிப்பாகும். மெலிந்தவர்களுக்கு அது நல்ல நிறைவைத் தரும், மார்பு பெரிதாக உள்ளவர்களுக்கு ஒற்றை வரிசையும், கழுத்தில் ஆழமாக மடிந்து இறங்குகிற காலரும் எடுக்கும். தோள் அகலமானவர்களுக்குக் கழுத்திலிருந்தே சாய்வாக இறங்கும் ராக்லான் கை மென்மையாக இருக்கும். என்னைப்போலச் சரிந்த தோள் என்றால் அது இன்னும் சரித்துக் காட்டும். தோளில் தையல் வைத்து லேசாகப் பஞ்சு வைத்த கை போதும். இடுப்பு அகலமானவர்கள் மேலே ஒட்டித் தைத்த பெரிய பைகளைத் தவிர்த்து, சாய்வாக வெட்டிய பைகளைப் பாருங்கள். பெல்ட் உள்ள கோட்டில் பெல்ட் வளையம் உங்கள் நிஜ இடுப்பில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உயரம் குறைந்தவர்களுக்கு அது அடிக்கடி கீழே தொங்கும், வளையத்தை ஏற்றித் தைப்பது சின்ன வேலை.

நிறத்துக்கும் ஒரு வார்த்தை. ஒட்டக நிறம் எல்லாருக்கும் எடுக்கும் என்று திரும்பத் திரும்பச் சொல்வார்கள். என் தோல் நிறத்துக்கு மிக அருகில் இருந்ததால் அந்தக் கோட்டில் என் முகம் மங்கிப்போய், காய்ச்சலில் எழுந்தவள்போல இருந்தது. மாநிறம், கருநிறம் உள்ளவர்கள் அடர் சிவப்பு, பாட்டில் பச்சை, கருநீலம், கடுகு மஞ்சள் ஆகியவற்றைக் கட்டாயம் முயன்று பாருங்கள். நம் முகத்துக்கு அவை கொடுக்கிற ஒளி தனி. கடை விளக்கில் முடிவெடுக்காமல் வாசலுக்குப் பக்கத்தில், பகல் வெளிச்சத்தில் முகத்தருகே பிடித்துப் பாருங்கள். கைப்பேசியில் முன், பின், பக்கவாட்டு என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதுகில் விழும் குறுக்குச் சுருக்கம் கண்ணாடியில் தெரியாது, படத்தில் தெரியும்.

இப்போது நான் போடுகிற கோட் பழைய துணிக் கடையில் கிடைத்தது. 80 சதவீதம் கம்பளி, அடர் சிவப்பு, ஒற்றை வரிசை பட்டன், முழங்காலுக்குக் கீழே முடிகிறது. முதல் கோட்டின் விலையில் கால்வாசிகூட ஆகவில்லை. முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கியபோது நெஞ்சு நிமிர்ந்து நடந்தேன். அந்த ஊருக்கு வந்தபிறகு முதன்முறையாக. பழையது வாங்கினால் அக்குள் லைனிங், காலரின் உள்மடிப்பு, பைவாய், கைநுனி ஆகிய நான்கு இடங்களும் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பூச்சி ஓட்டை தேடுங்கள். மோந்து பாருங்கள், புழுக்க வாடை ஊறிய கோட் எத்தனை டிரை கிளீனிங்குக்கும் மசியாது. புதிதுதான் வேண்டும் என்றால் குளிர்காலக் கடைசியில் விலை இறங்கும்போது அடுத்த ஆண்டுக்கு வாங்குங்கள்.

மிச்சம் பிடித்த பணத்தில் மற்றதை ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். வரிசையும் முக்கியம். முதலில் உடம்போடு ஒட்டும், மெரினோ என்ற மென்மையான ஆட்டுக் கம்பளியில் செய்த தெர்மல் இரண்டு, பிறகு வழுக்காத அடிப்பாகத்தோடு தடித்த காலுறைக்கு இடம் விடுகிற பூட்ஸ், பிறகு கையுறை, கழுத்துக்கு நல்ல கம்பளி ஸ்கார்ஃப். தடித்த ஒரே ஸ்வெட்டரைவிட மெல்லிய இரண்டு நல்லது, நடுவில் காற்று நிற்கும். ஹீட்டர் ஓடுகிற அலுவலகத்துக்குள் நுழைந்ததும் ஒன்றைக் கழற்றிவிடலாம். உடம்பைத் தொடும் அடுக்கு மட்டும் பருத்தி வேண்டாம், வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே நின்று நடுங்க வைக்கும். உள்ளே போடும் பாவாடையோ நீள மேலாடையோ கோட்டுக்குக் கீழே இரண்டு விரல் அளவு எட்டிப் பார்த்தால் அரைகுறையாகத் தெரியும். ஒன்று முழுதும் மறையட்டும், இல்லை தெளிவாக ஒரு சாண் தெரியட்டும்.

குளிர் முடிந்ததும் கோட்டைச் சுத்தம் செய்யாமல் அலமாரிக்குள் வைக்காதீர்கள். கம்பளியைத் தின்பது அந்துப்பூச்சி இல்லை, அதன் புழு. வியர்வையும் அழுக்கும் படிந்த இடத்தைத்தான் அது முதலில் அரிக்கும். பருவத்துக்கு ஒரு டிரை கிளீனிங் போதும், நடுவில் மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டி நீராவி காட்டினால் சரி. பிளாஸ்டிக் கவரை எறிந்துவிட்டு, பழைய பருத்தி விரிப்பில் மூடி, தோள் அகலமான மர ஹேங்கரில் மாட்டுங்கள். கம்பி ஹேங்கர் தோளில் மேடு விழ வைக்கும். இறகுக் கோட்டை மட்டும் அமுக்கிக் கட்டி வைக்காமல் தளர்வாகத் தொங்கவிடுங்கள். பழைய துணிக் கடையில் வாங்கிய எதையும் மற்ற கம்பளிகளோடு சேர்ப்பதற்கு முன், காற்றுப் புகாத பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வைத்து எடுத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். ஃப்ரீஸரில் கோட்டுக்கு இடம் இல்லையென்றால், டிரை கிளீனிங் முடித்தபிறகே அலமாரிக்குள் அனுமதியுங்கள்.